சின்னப் பெட்டி போதும்!

வீணைக்குக் குடம் இருக்கிறது. சாதாரணக் கிட்டாருக்குப் பெரிய வயிறு இருக்கிறது. எலெக்ட்ரிக் கிட்டாருக்கோ இரண்டும் இல்லை. பெரும்பாலும் அது வெறும் மரப்பலகைதான். தனியே மீட்டினால் கொசு பாடுவதுபோல் கேட்கும். அதன் ஓசையைப் பெருக்கிக் கொடுக்க ஒரு பெட்டி வேண்டும். அதுதான் ஆம்ப்ளிபயர்.

கிட்டார் வாங்கிக் கொடுத்ததும் வேலை முடிந்தது என்று அப்பா நினைக்கிறார். மறுநாளே மகன் வந்து நிற்கிறான். "அப்பா! ஆம்ப்ளிபயர் வேண்டும். அதுவும் வால்வு வைத்ததாக இருக்க வேண்டும்!" என்கிறான்.

கடைக்குப் போனால் தலை சுற்றுகிறது. 5 வாட் பெட்டி இருக்கிறது. 100 வாட் பெட்டியும் இருக்கிறது. விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! "வாங்குவதுதான் வாங்குகிறோம். கடன் வாங்கியாவது பெரியதாக வாங்கி விடுவோமே" என்று குடும்பமே நினைக்கிறது.

அங்கேதான் தவறு! வீட்டுக்கும் சிறிய மேடைக்கும் சின்னப் பெட்டியே ஏற்றது. விலை குறைவு என்பது மட்டும் காரணம் அல்ல. வால்வு ஆம்ப்ளிபயரை எந்த ஓசைக்காக ஆசைப்படுகிறார்களோ, அந்த ஓசை சின்னப் பெட்டியில்தான் எளிதில் கிடைக்கிறது.

கிழிந்த ஸ்பீக்கர்

1951-ம் ஆண்டு. மார்ச் மாதம். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் இருந்து ஒரு கார் மெம்பிஸ் நகரத்துக்குப் புறப்பட்டது. காரில் இருந்தவர்கள் ஐக் டர்னரின் இசைக்குழுவினர். மெம்பிசில் சாம் பிலிப்ஸ் என்பவரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு பாட்டைப் பதிவு செய்யப் போனார்கள்.

வழியில் கிட்டார் ஆம்ப்ளிபயர் அடிபட்டு விட்டது. கூடத்தில் வைத்துப் பார்த்தால், உள்ளே ஸ்பீக்கர் காகிதம் கிழிந்து கிடந்தது! வேறு பெட்டி வாங்க வழி இல்லை. கிழிந்த இடத்தில் காகிதத்தைத் திணித்து வாசித்தார்கள். கரகரவென்று ஒரு புதிய ஓசை வந்தது. பிலிப்சுக்கு அது பிடித்துப் போயிற்று. அப்படியே பதிவு செய்தார்.

"ராக்கெட் 88" என்ற அந்தப் பாட்டு அமெரிக்காவில் பெரிய வெற்றி பெற்றது. முதல் ராக் அண்ட் ரோல் இசைத்தட்டு அதுதான் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு.

லண்டனிலும் இப்படி ஒரு கதை நடந்தது. டேவ் டேவிஸ் என்ற பையனிடம் "எல்பிக்கோ" என்ற மலிவான சின்ன ஆம்ப்ளிபயர் இருந்தது. அதன் ஓசை அவனுக்குச் சப்பென்று இருந்தது. சவர பிளேடை எடுத்து ஸ்பீக்கர் காகிதத்தைக் கீறி விட்டான்! 1964-ம் ஆண்டு "கிங்க்ஸ்" குழு வெளியிட்ட "யூ ரியலி காட் மீ" பாட்டில் உறுமுவது அந்தக் கீறல் விழுந்த பெட்டிதான். அதன் ஓசையைப் பெரிய ஆம்ப்ளிபயர் ஒன்றின் வழியே பெருக்கிப் பதிவு செய்தார்கள். பாட்டு இங்கிலாந்தில் முதல் இடத்தைப் பிடித்தது. அப்போது டேவுக்கு வயது 17.

இதைப் படித்து விட்டு யாரும் பிளேடைத் தேட வேண்டாம்! ஓசையின் சிறப்பு பெட்டியின் அளவில் இல்லை. கதையில் இருந்து தெரிந்து கொள்ள வேண்டியது அதுதான்.

வால்வு செய்யும் வேலை

தாத்தா காலத்து ரேடியோவைப் பார்த்தவர்களுக்கு வால்வு புதிது அல்ல. குமிழைத் திருகியதும் பாட்டு வராது. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் மெல்லச் சிவக்கும். சூடேறிய பிறகே பாட்டு வரும். அந்தக் கண்ணாடிக் குழாய்தான் வால்வு. அமெரிக்காவில் அதை "ட்யூப்" என்பார்கள்.

தண்ணீர்க் குழாயை நினைத்துக் கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் வேகமாக வருகிறது. திருகை லேசாகத் தொட்டால் போதும். தண்ணீர் கூடும், குறையும். வால்வும் அப்படித்தான். உள்ளே பெரிய மின்சாரம் ஓடுகிறது. கிட்டார் கம்பியில் இருந்து வரும் சின்ன மின்சாரம் திருகைப்போல் அதை ஆட்டி வைக்கிறது. சின்ன அசைவு பெரிய ஓசையாகிறது.

1947-ம் ஆண்டு அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு ரேடியோவில் இருந்து வால்வு விடை பெற்றது. கிட்டார்காரர்கள் மட்டும் அதை விடவில்லை. ஏன் தெரியுமா?

தாங்கும் அளவுக்கு மேல் முடுக்கினால் எந்தப் பெட்டியும் ஓசையைச் சிதைக்கும். சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர் சிதைத்தால், வெட்டியது போல் முரட்டுத்தனமாகக் கேட்கும். வால்வு ஆம்ப்ளிபயர் மெல்ல மெல்லச் சிதைக்கும். ஓசை கனிந்து, லேசாகக் கரகரத்து, பாடகரின் தொண்டை கம்மியது போல் உருக்கமாக வரும். மெதுவாக மீட்டினால் சுத்தமான ஓசை. அழுத்தி மீட்டினால் உறுமல். விரலுக்கு ஏற்றபடி பெட்டி பதில் சொல்கிறது. இந்தக் குணத்துக்காகத்தான் இன்றும் வால்வைத் தேடுகிறார்கள்.

ஆனால் ஒன்று. வால்வை அந்த அளவுக்கு முடுக்கினால்தான் அந்த ஓசை வரும். 100 வாட் பெட்டியை வீட்டில் அப்படி முடுக்க முடியுமா? ஜன்னல் கண்ணாடி அதிரும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். பயந்து கொண்டு ஒலியை அடியிலேயே வைத்திருப்பார்கள். பெரிய பணம் கொடுத்து வாங்கியும், வால்வின் உறுமல் வெளியே வராது!

5 வாட் பெட்டி அப்படி அல்ல. அறைக்குள்ளேயே அது கனிந்து விடும்.

1970-ம் ஆண்டு எரிக் கிளாப்டன் "லைலா" இசைத்தட்டைப் பதிவு செய்தார். உலகமே கொண்டாடிய கிட்டார் மேதை அவர். எந்தப் பெட்டியை வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம். அந்தப் பதிவுக்கு அவர் பயன்படுத்தியது பெண்டர் கம்பெனியின் "சாம்ப்" என்ற சின்னப் பெட்டி. சுமார் 5 வாட். பழகும் மாணவர்களுக்கு என்று செய்யப்பட்ட பெட்டி அது!

வாட் மயக்கம்

"10 வாட்டை விட 20 வாட் இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும்" என்று நம்பாதவர் குறைவு. இது உண்மை அல்ல.

கல்யாண வீட்டில் ஒரு நாதஸ்வரம் ஒலிக்கிறது. இரண்டாவது நாதஸ்வரமும் சேர்ந்து கொள்கிறது. ஓசை இரண்டு மடங்கு ஆகிறதா? இல்லை. கொஞ்சம் கூடியது போல் தெரிகிறது. காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால், சுமார் பத்து நாதஸ்வரங்கள் வேண்டும்!

வாட் கணக்கும் இதுதான். 5 வாட்டைப்போல் இரண்டு மடங்கு கேட்க 50 வாட் தேவை. 15 வாட்டுக்கும் 30 வாட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காது பெரிதாக மதிப்பது இல்லை. ஆனால் பையில் உள்ள பணம் மதிக்கும்!

ஸ்பீக்கரையும் கவனிக்க வேண்டும். நல்ல 12 அங்குல ஸ்பீக்கர் வைத்த சின்ன ஆம்ப்ளிபயர், மட்டமான ஸ்பீக்கர் வைத்த பெரிய ஆம்ப்ளிபயரை மிஞ்சி விடும்.

பெரிய பெட்டி பிறந்த கதை

அப்படியானால் பெரிய பெட்டிகளை ஏன் செய்தார்கள்? அதற்கு அந்தக் காலத்தில் காரணம் இருந்தது.

இங்கிலாந்தில் டார்ட்போர்டு என்ற ஊரில் "வாக்ஸ்" ஆம்ப்ளிபயர்கள் பிறந்தன. 1958-ம் ஆண்டு 15 வாட் பெட்டி வந்தது. "ஷேடோஸ்" குழுவினர் அதை வாங்கி மேடை ஏறினார்கள். பெண் ரசிகைகளின் கூச்சலில் கிட்டார் கேட்கவில்லை. அதனால் 30 வாட் பெட்டி வந்தது.

லண்டனில் ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் என்பவர் கடை வைத்திருந்தார். அவர் டிரம்ஸ் வாத்தியார். கடைக்கு வந்த இளைஞர்கள் அமெரிக்க பெண்டர் ஆம்ப்ளிபயருக்கு ஆசைப்பட்டார்கள். கப்பலில் வந்த அந்தப் பெட்டியின் விலை எட்டாக்கனியாக இருந்தது. "நாமே செய்தால் என்ன?" என்று மார்ஷல் நினைத்தார். பெண்டரின் "பேஸ்மேன்" பெட்டியை மாதிரியாக வைத்து 1962-ல் தன் முதல் ஆம்ப்ளிபயரை வெளியிட்டார். இன்று உலகப் புகழ் பெற்ற மார்ஷல் பெட்டி, கையில் பணம் இல்லாத இளைஞர்களுக்காகப் பிறந்தது! பிறகு "தி ஹூ" குழுவினர் இன்னும் சத்தம் கேட்டார்கள். 100 வாட் வந்தது.

1965-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். நியூயார்க்கில் ஷே ஸ்டேடியம் என்ற விளையாட்டு மைதானத்தில் பீட்டில்ஸ் குழுவினர் பாடினார்கள். 55 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடியிருந்தனர். அதற்கென்றே வாக்ஸ் கம்பெனி 100 வாட் பெட்டிகளைச் செய்து கொடுத்தது. பயன் என்ன? ரசிகர்களின் கூச்சலில் அந்த ஓசை அமுங்கிப் போயிற்று. பாடியவர்களுக்கே தங்கள் பாட்டு சரியாகக் கேட்கவில்லை!

அந்தக் காலத்தில் கிட்டாருக்கு மைக் வைத்து அரங்கம் முழுவதும் ஒலிபரப்பும் வழக்கம் இல்லை. மேடையில் இருந்த பெட்டியே கடைசி வரிசை வரை பாட வேண்டி இருந்தது. இன்று அப்படி இல்லை. சின்னப் பெட்டியின் முன்னால் ஒரு மைக் வைத்தால் போதும். மற்றதை அரங்கத்தின் ஒலிபெருக்கிகள் பார்த்துக் கொள்ளும். பெரிய பெட்டிக்கு இருந்த காரணம் போய் விட்டது. ஆசை மட்டும் போகவில்லை!

எந்த இசைக்கு எது?

சின்னப் பெட்டி என்று முடிவு செய்தாகி விட்டது. ஆனால் எல்லாச் சின்னப் பெட்டியும் ஒன்று அல்ல. வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை வாட்?" என்பது அல்ல. "என்ன வாசிக்கப் போகிறாய்?" என்பதுதான்.

புளூஸ் இசைக்கு லேசான கரகரப்பு வேண்டும். இதற்குப் பெண்டர் வழிப் பெட்டிகள் பெயர் பெற்றவை. கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ பெண்டர் தொடங்கிய வழி அது. "புளூஸ் ஜூனியர்" என்ற பெட்டி 15 வாட். 12 அங்குல ஸ்பீக்கர். சுமார் 14 கிலோ எடை. ஒருவரே தூக்கிப் போகலாம். வீட்டோடு போதும் என்பவருக்கு 5 வாட் பெட்டியே தாராளம். "புகேரா" கம்பெனியின் 5 வாட் பெட்டியில் சக்தியை 1 வாட்டுக்கும், அதற்குக் கீழேயும் குறைக்க ஒரு சுவிட்ச் உண்டு. இரவில் வாசிப்பவருக்கு அது வரப்பிரசாதம்.

பீட்டில்ஸ் பாணியில் மணி ஒலிப்பது போல் கிணுகிணுக்கும் ஓசை வேண்டுமா? அது வாக்ஸ் பெட்டியின் குரல். அதில் உள்ள இ.எல்.84 என்ற வால்வுக்கும் அதில் பங்கு உண்டு. "குயின்" குழுவின் பிரையன் மே பல ஆண்டுகள் 30 வாட் வாக்ஸ் பெட்டியையே வைத்து வாசித்தவர். வீட்டுக்காரருக்கு அதன் தம்பியான 15 வாட் பெட்டி போதும்.

ராக் இசையின் உறுமலுக்கு மார்ஷல் வழி. இ.எல்.34 என்ற வால்வு அந்தப் பாணிக்குப் பேர் போனது. மார்ஷல் கம்பெனி 20 வாட்டிலும் அந்த வால்வை வைத்துப் பெட்டி செய்திருக்கிறது. சுவிட்சைப் போட்டால் அது 10 வாட் ஆகி விடும்.

ஹெவி மெட்டல் வாசிப்பவருக்கு 100 வாட் கட்டாயம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. உண்மை நேர்மாறானது. அந்த இசையின் கடும் உறுமல் பெரும்பாலும் முன்வரிசையில் உள்ள சின்ன வால்வுகளில் பிறக்கிறது. ஒலியைக் குறைத்து வைத்தாலும் அது இருக்கும். 1992-ல் எட்டி வான் ஹேலனுக்காகப் பீவி கம்பெனி செய்த பெட்டி 120 வாட். பிறகு அதே வழியில் 20 வாட் பெட்டியையும் அந்தக் கம்பெனி வெளியிட்டது.

அலை அடிப்பது போன்ற "சர்ப்" இசைக்கு எதிரொலி முக்கியம். பெட்டிக்குள் ஸ்பிரிங் வைத்து அந்த எதிரொலியை உண்டாக்குகிறார்கள். "ரிவெர்ப்" என்று எழுதிய குமிழ் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஜாஸ், கன்ட்ரி இசைகள் மட்டும் சற்று மாறுபட்டவை. இவற்றில் ஓசை பளிங்கு போல் சுத்தமாக இருக்க வேண்டும். கரகரப்பு கூடாது. டிரம்ஸ்காரர் பக்கத்தில் இருந்து அடிக்கும்போது 5 வாட் பெட்டி திணறிப் போகும். இவர்களுக்கு 30 வாட் அளவில் வேண்டும். பீவியின் "கிளாசிக் 30" போன்ற பெட்டிகள் இருக்கின்றன. "ட்வின் ரிவெர்ப்" என்ற பெண்டர் பெட்டியைக் கண்டு ஆசைப்படுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அதன் சக்தி 85 வாட். எடை சுமார் 29 கிலோ. தூக்கிப் பார்த்த பிறகு ஆசை குறைந்து விடும்!

வால்வே வேண்டாதவர்கள்

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. சிலருக்கு வால்வே தேவை இல்லை.

புளூஸ் மன்னர் பி.பி. கிங் பல ஆண்டுகள் வாசித்தது டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரில்தான்! 1975-ல் ரோலண்டு கம்பெனி வெளியிட்ட "ஜாஸ் கோரஸ்" பெட்டியும் டிரான்சிஸ்டர்தான். சுத்தமான ஓசைக்கு அதை மேதைகளும் தேடுகிறார்கள்.

பழகத் தொடங்கி ஆறு மாதம் ஆகாத பிள்ளை, அடுக்குமாடி வீட்டில் இரவில் வாசிப்பவர், இன்று ஜாஸ் நாளை மெட்டல் என்று மாறி மாறி வாசிப்பவர், இவர்கள் வால்வைத் தேடிப் போக வேண்டாம். பல ஓசைகளை ஒரே பெட்டியில் தரும் இக்கால டிரான்சிஸ்டர் பெட்டிகள் விலையும் குறைவு, தொல்லையும் குறைவு. காதில் மாட்டும் ஹெட்போனும் போட்டுக் கொள்ளலாம். தன் ஓசை இதுதான் என்று பிள்ளைக்குத் தெரிந்த பிறகு, வால்வுப் பெட்டி வாங்கினால் போதும்.

ஆபத்து! கவனம்!

வால்வுப் பெட்டி வாங்குகிறவர்கள் சில விஷயங்களை மறக்கக் கூடாது.

அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட். இந்தியாவில் 230 வோல்ட். உறவினர் யாராவது அங்கே இருந்து கொண்டு வந்த பெட்டியை அப்படியே இங்கே சொருகினால் பெட்டி பாழாகும். எத்தனை வோல்ட் என்று பின்பக்கம் எழுதியிருப்பதைப் பார்த்த பிறகே சுவிட்சைத் தொட வேண்டும்.

ஸ்பீக்கரைக் கழற்றி விட்டு வால்வு ஆம்ப்ளிபயரை ஓட்டக் கூடாது. உள்ளே உள்ள டிரான்ஸ்பார்மர் எரிந்து போகும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது இது. பெட்டியின் உள்ளே பல நூறு வோல்ட் மின்சாரம் இருக்கிறது. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில பாகங்களில் அது தங்கி இருக்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து! பெட்டியைத் திறந்து நோண்டும் வேலை வேண்டாம். அதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட வேண்டும்.

வால்வு தேயும் பொருள். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டி வரும். இன்று ரஷியா, சுலோவாகியா, சீனா என்று ஒரு சில நாடுகளில்தான் அதிகமாகச் செய்கிறார்கள். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷிய வால்வு வருவது தடைப்பட்டது. உலகம் முழுவதும் விலை ஏறியது. பல பெரிய பெட்டிகளில் கடைசி வரிசை வால்வுகளே நான்கு இருக்கும். 5 வாட் பெட்டிகளில் பெரும்பாலும் ஒன்றுதான். பெட்டி சின்னதாக இருந்தால் இந்தச் செலவும் சின்னது!

காது சொல்லட்டும்

கடைக்குப் போகும்போது மகனோ மகளோ தன் கிட்டாரைக் கையோடு எடுத்துப் போகட்டும். தெரிந்த ஒரு பாட்டை வாசிக்கட்டும். அப்பா வாட்டைப் படிக்க வேண்டாம். கம்பெனிப் பெயரையும் படிக்க வேண்டாம். கண்ணை மூடிக் கேட்கட்டும். வீட்டில் எந்த அளவு ஒலியில் வாசிக்க முடியுமோ, அந்த அளவில் எந்தப் பெட்டி இனிமையாகப் பாடுகிறதோ, அதுதான் அந்தக் குடும்பத்துக்கு உரிய பெட்டி.

மிச்சப்படும் பணம் வீண் போகாது. நல்ல வாத்தியாரிடம் பாடம் கற்க உதவும். எவ்வளவு பெரிய ஆம்ப்ளிபயரும் வாசிக்கிறவர் கையில் உள்ளதைத்தான் பெருக்கிக் காட்டும். பிழையாக வாசித்தால் பிழையும் பெரிதாகவே கேட்கும்!

மெம்பிஸ் நகரத்துக்குப் போன அந்தக் குழுவிடம் இருந்தது கிழிந்த பெட்டி. ஆனால் கையில் பாட்டு இருந்தது. அது போதுமானதாக இருந்தது.